பிளானை மிரர் செய்தால் கதவின் கை மாறிப்போகிறது: ரெவிட்டில் முன்கூட்டியே பிடிப்பது எப்படி?

பாளை வரைபடம் (கேள்வி)

வணக்கம். பாளையங்கோட்டையில் ஓர் ஒற்றை அறை ஆபீசில் வீட்டு பிளான் வரைந்து கொடுக்கிறேன். படித்தது சிவில் டிப்ளமா. நெடுநாள் ஆட்டோகேட், இப்போது மூன்று வருஷமாக ரெவிட், இரண்டும் கம்ப்யூட்டரில் பிளான் வரையும் மென்பொருள். கொத்தனார்களும் சின்ன கான்ட்ராக்டர்களும்தான் என்னிடம் வருகிறவர்கள். நான் கொடுக்கும் தாள் அப்படியே சுவராக எழும்பிவிடும். அதனால்தான் நடந்தது மனதை இப்படி அறுக்கிறது.

கடையம் பக்கம் அக்கா, தங்கச்சி இருவருக்கும் ஒட்டினாற்போல் இரண்டு வீடு. கிழக்குப் பார்த்த மனை. தெற்கே அக்கா வீடு, வடக்கே தங்கச்சி வீடு, நடுவில் பொதுச்சுவர். அக்கா வீட்டை முழுதாக வரைந்து, பொதுச்சுவரின் நடுக்கோட்டைப் பிடித்து மிரர் செய்தேன். அடுப்படியை மட்டும் மூலை பார்த்து இடம் மாற்றினேன். மற்றதெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி.

அக்கா வீட்டுத் தலைவாசலில் கீல் தெற்கு நிலைக்காலில். உள்ளே தள்ளினால் கதவு தெற்குச் சுவரோரம் ஒதுங்கி நிற்கும், தார்சா (முன்கூடம்) முழுக்கத் தெரியும், நுழைந்ததும் வலது கைக்கு எட்டுகிற இடத்தில் சுவிட்ச் போர்டு. தங்கச்சி வீட்டில் இது எல்லாம் மாறி, கீல் வடக்கு நிலைக்காலில் வர வேண்டும். திரையில் சரியாகத்தான் வந்தது. ஆனால் கதவுப் பட்டியலில் 'கை' (கீல் எந்தக் கைப் பக்கம் என்பது) என்று நானே ஒரு கட்டம் சேர்த்து, ஒவ்வொரு கதவுக்கும் இடது, வலது என்று கையால் டைப் செய்து வைத்திருந்தேன். மிரர் செய்தபோது கதவு திரும்பியது. நான் டைப் செய்த எழுத்து திரும்பவில்லை. ஆசாரிக்கு நான் கொடுத்தது அந்தப் பட்டியலின் பிரிண்ட்.

ஆறு கதவும் தப்பு. மாட்டிய அன்று நானும் போயிருந்தேன். தங்கச்சி வீட்டுத் தலைவாசல் கதவைத் திறந்தால் அது வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. இன்னும் தள்ளினால் சுவிட்ச் போர்டை மூடிக்கொள்கிறது. ஆசாரி கோபப்படவில்லை. "ஏம்மா, இந்த வீட்டுக்கும் இடதுன்னுதான எழுதியிருக்கிய, நான் என்னத்தக் கண்டேன்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பாத்ரூம் கதவைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிப் பார்த்தார். கை சரியாகிவிட்டது. ஆனால் தண்ணீர் படாமலிருக்க அடியில் அடித்திருந்த அலுமினியத் தகடு தலைக்கு மேலே போய்விட்டது. பெட்ரூம் கதவுக்கும் அதே வித்தை. ஏழடிக் கதவில் தரையிலிருந்து மூன்றடியில் இருந்த பூட்டு இப்போது நாலடியில். தலைவாசலில் அது நடக்காது, வெளிமுகத்தில் செதுக்கு வேலை இருக்கிறது, அதைத் தலைகீழாக மாட்ட முடியாது. கீலுக்கு வெட்டிய மூன்று பள்ளமும் பூட்டுக்குக் குடைந்த குழியும் இப்போது தப்பான பக்கத்தில்.

நான் கேட்க விரும்புவது:

கதவு எந்தக் கை என்பதை நான் டைப் செய்யாமல் ரெவிட்டே சொல்லும்படி வைக்க முடியுமா?

தாளில் என்ன வார்த்தை எழுதினால் ஆசாரிக்கும் எனக்கும் ஒரே பொருள் வரும்?

இன்னொன்று: வடக்குச் சுவரில் இரண்டு ஜன்னலுக்குச் சன் ஷேடு அறைக்கு உள்ளே வந்து நிற்கிறது. ஜன்னலும் சன் ஷேடும் ஒரே ஃபேமிலி, அதாவது ரெவிட்டில் ஒரே பொருளாகச் செய்து வைத்தது. திருப்ப அம்புக்குறியே காட்டவில்லை. நல்லவேளை, இதை 3டி பார்வையில் பிடித்துவிட்டேன்.

அம்பை மரவேலை

அக்கா, எங்க அப்பா ஆசாரி, நான் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

'இடது கை கதவு' என்று யாராவது போனில் சொன்னால் எங்க அப்பா கேட்கும் முதல் கேள்வி, "எங்க நின்னு சொல்லுத?" என்பதுதான். வெளியே நின்று கதவைத் தள்ளுகிறவருக்கு இடது பக்கம் இருக்கும் கீல், உள்ளே நின்று இழுக்கிறவருக்கு வலது பக்கம். ஒருத்தர் வெளியே நின்று சொல்வார், இன்னொருத்தர் கீலின் குமிழ் தெரிகிற பக்கம் நின்று சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் வரும் கதவு வேறு வேறு. கடையில் கைக்கு ஏற்ற பூட்டு வாங்கும்போதும் இதே வம்பு.

நீங்கள் சொன்ன தலைகீழ் வித்தை வேறு, அது மேல் கீழ் மாற்றுவது. நிற்கிற கதவைத் தரையில் சுற்றுவதை மட்டும் யோசித்துப் பாருங்கள். உங்கள் வலது உள்ளங்கையை மேசையில் வைத்து எப்படிச் சுழற்றினாலும் அது வலது கைதான். கண்ணாடியில் காட்டினால்தான் இடது கையாகிறது. கதவும் அப்படியே. நிலையோடு சேர்த்து ஒரு கதவைத் தரையில் அரைச் சுற்று சுற்றி வைத்தால் உள்ளே வெளியே மாறும், கீல் இருக்கும் ஓரமும் மாறும், ஆனால் கை மாறாது. உள்ளே வெளியே மட்டும் மாற்றினாலோ, கீலை மட்டும் மாற்றினாலோ கை மாறிவிடும். பட்டறையில் எங்களுக்கு இது பழக்கத்தில் வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஒரு சொடுக்கில் நடந்துவிடுவதால் கை மாறியது கவனத்துக்கு வருவதில்லை என்று நினைக்கிறேன்.

அதனால் இடது, வலது என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். 'கீல் வடக்கு நிலைக்கால், உள்ளே திறக்கும்' என்று எழுதுங்கள். திசை எங்கே நின்றாலும் மாறாது. நிலையில் காடி (கதவு வந்து பொருந்தி உட்காரும் வெட்டு) எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். திறக்கிற பக்கம்தான் காடி.

தலைவாசலுக்கு: நிலையைக் கழற்ற வேண்டாம். இரண்டு காலிலும் காடி ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய கீல் பள்ளத்தில் அதே தேக்குத் துண்டை ரேகை பார்த்து ஒட்டி இழைத்துவிட்டால் பாலிஷுக்கு அப்புறம் தெரியாது. சாவித் துவாரம்தான் முகத்தில் தெரியும். அதற்கு ஆசாரி மனம் வைத்தால் வழி உண்டு.

ஷார்ஜா நெல்லைக்காரன்

தங்கச்சி, இங்கே வில்லா வேலைகளில் வரிசையாக மிரர் வீடுகள்தான். அதனால் இந்தப் பாடத்தை நாங்கள் முன்னாலேயே படித்துவிட்டோம்.

முதலில் அடிப்படை, படிக்கிற மற்றவர்களுக்காக. ரெவிட்டில் கதவை வைக்கும்போது கர்சரைச் சுவரின் எந்த விளிம்புக்கு அருகே கொண்டுபோகிறோமோ அந்தப் பக்கம் திறக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கீல் இடம் வலமாக மாறும். வைத்த பிறகு கதவைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு ஜோடி அம்புகள் வரும். ஒன்று உள்ளே வெளியே மாற்றுவது, அதன் பெயர் ஃபேசிங். மற்றது கீல் பக்கத்தை மாற்றுவது, அதன் பெயர் ஹேண்ட். அப்போதும் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போனால் நாலு நிலையும் ஒவ்வொன்றாக வரும்.

இப்போது உங்கள் கேள்வி. கதவு ஒவ்வொன்றும் தன்னிடம் 'ஹேண்ட் ஃபிளிப்டு', 'ஃபேசிங் ஃபிளிப்டு' என்று இரண்டு ஆம்/இல்லை வைத்திருக்கிறது. பிராப்பர்டீஸில் தெரியாது, பட்டியலிலும் நேரடியாக எடுக்க முடியாது. ரெவிட்டோடு சேர்ந்து ஓடும் டைனமோ என்ற கருவியில் சின்ன பைத்தான் நோடு (சில வரி நிரல்) போட்டு இரண்டையும் படிக்கலாம். மேலே அம்பைத் தம்பி சொன்ன உள்ளங்கைக் கணக்கேதான்: இரண்டில் ஒன்று மட்டும் 'ஆம்' என்றால் கை மாறியிருக்கிறது. இரண்டும் 'ஆம்', அல்லது இரண்டும் 'இல்லை' என்றால் ஃபேமிலியில் வரைந்த அதே கை. இந்த விடையை உங்கள் 'கை' கட்டத்தில் டைனமோவே எழுதிவிடும்படி வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. அந்தக் கட்டம் இன்ஸ்டன்ஸ் பாராமீட்டராக, அதாவது கதவுக்குக் கதவு தனித்தனியாக நிரப்புவதாக இருக்க வேண்டும். டைப் பாராமீட்டராக இருந்தால் அந்த வகைக் கதவு அத்தனைக்கும் ஒரே பதில்தான் வரும். அப்புறம், இது தானாக ஓடாது. ஒவ்வொரு தடவையும் பிரிண்ட் எடுக்கும் முன் ஓட்ட வேண்டும். ஓட்டிய பிறகும் பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்து 'ஹைலைட் இன் மாடல்' கொடுத்து, இரண்டு கதவையாவது கண்ணால் பாருங்கள். ஃபேமிலி வரைந்தவர் முதலிலேயே எந்தக் கையில் வரைந்தார் என்பது அப்போதுதான் உறுதியாகும்.

சன் ஷேடு: நீங்கள் அந்தச் சுவரை வலமாக (கடிகார முள் சுற்றும் பக்கம்) வரையாமல் இடமாக வரைந்திருப்பீர்கள். ரெவிட்டில் வலமாகச் சுற்றி வரைந்தால் சுவரின் வெளிமுகம் வெளியே வரும். சுவரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், திருப்பும் அம்பு எந்தப் பக்கம் நிற்கிறதோ அதுதான் வெளிமுகம். உள்ளே நின்றால் முதலில் சுவரைச் சரிசெய்யுங்கள், அப்புறம் ஜன்னலை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஜன்னலில் அம்பு வரவில்லை என்றால் ஃபேமிலி செய்தவர் கன்ட்ரோல் (அந்தத் திருப்பும் அம்பு) வைக்கவில்லை. எடிட் ஃபேமிலி போய், பிளான் பார்வையில், கிரியேட் டேபில் கன்ட்ரோல் எடுத்து டபுள் வெர்ட்டிகல் ஒன்றை வைத்து மறுபடி லோடு செய்யுங்கள். கதவுக்கு டபுள் ஹரிசான்டலும் சேர்த்து வைக்க வேண்டும்.

ஆட்டோகேடில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: மிரர் ஆன பிளாக்கின் எக்ஸ் அல்லது ஒய் ஸ்கேல் மைனஸில் நிற்கும். பிராப்பர்டீஸில் பார்த்தாலே தெரியும்.

சுரண்டை புதுவீடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இன்ஜினியர் இல்லை. சொந்த வீட்டுக்கு ஸ்வீட் ஹோம் 3டி வைத்து நானே வரைந்து பார்க்கிறேன். கதவை இழுத்துச் சுவரில் விட்டால் தானாக ஒட்டிக்கொள்கிறது, கீல் பக்கத்தை மட்டும் மாற்றத் தெரியவில்லை. கோணத்தை 180 ஆக்கினால் கீலும் மாறுகிறது, திறக்கும் பக்கமும் மாறிவிடுகிறது.

ஷார்ஜா நெல்லைக்காரன்

சுரண்டைத் தம்பி, கதவை இரண்டு முறை சொடுக்கினால் வரும் பெட்டியில் 'மிரர்டு ஷேப்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யுங்கள், கீல் மட்டும் மாறும். 180 சுற்றுவது மேலே சொன்ன அரைச் சுற்று. இரண்டும் சேர்ந்தால் நாலு நிலையும் கிடைக்கும். ஃபிரீகேட் என்ற மென்பொருள் பக்கம் போனால் அங்கே திறக்கும் திசையை மாற்ற ஒன்று, கீல் இடத்தை மாற்ற ஒன்று என்று தனித்தனிப் பட்டனே இருக்கிறது.

தென்காசி, ஓய்வு பெற்ற இன்ஜினியர்

எல்லாரும் திருப்புவதைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், அம்மா.

முதலில் பாத்ரூம். உங்கள் பிளானில் பாத்ரூம் கதவு உள்ளே திறக்கிறதா? ஆம் என்றால், கழற்றியிருக்கும் இந்த நேரத்திலேயே வெளியே திறக்கும்படி மாற்றிவிடுங்கள். என் தகப்பனார் எங்கள் வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். நாலடிக்கு ஏழடி அறை. விழுந்தவர் கதவுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தார். தாழ்ப்பாள் போடவில்லை, இருந்தும் தள்ள முடியவில்லை. தள்ளினால் அவர் மேல்தான் இடிக்கிறது. உள்ளே திறக்கும் கதவுக்குக் கீலின் ஊசி உள்ளே இருக்கும், வெளியிலிருந்து தட்டிக் கழற்றவும் வழியில்லை. கடைசியில் பலகையைக் கோடாலியால் பிளந்தோம். வெளியே திறக்கும் கதவாக இருந்திருந்தால் ஒரே இழுப்பு. அந்த வீட்டை வரைந்தவன் நான். அன்று முதல் நான் வரைந்த ஒரு வீட்டிலும் பாத்ரூம் கதவு உள்ளே திறக்காது. மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைக்கு விதிமுறைகளே கதவு வெளியே திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் நகரும் கதவாக இருக்க வேண்டும் என்கின்றன. நம் வீட்டிலும் எல்லாருக்கும் ஒருநாள் வயதாகும்தானே.

தலைவாசலுக்கு இது நேர்மாறு. உள்ளே திறப்பதே சரி. கீல் ஊசி வெளியில் தெரியக்கூடாது.

அடுத்து ஜன்னல். கடையம் மலையடிவாரம். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வரும் காற்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வடக்குச் சுவரில் வெளியே திறக்கும் ஒற்றைக் கதவு ஜன்னல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீல் மேற்கு ஓரத்தில் இருந்தால், திறந்த கதவு காற்றை அந்தப் பக்கமே தடுத்து அறைக்கு வராமல் விலக்கிவிடும். கொக்கி விட்டால் காற்று முதுகில் அடித்துப் படாரென்று சாத்திவிடும், கண்ணாடி போகும். கீல் கிழக்கு ஓரத்தில் இருந்தால் திறந்த கதவு கையை நீட்டினதுபோல் நின்று காற்றை அறைக்குள் மடக்கிவிடும். கொக்கி விட்டாலும் காற்று அதைச் சுவரோரம்தான் தள்ளும், சாத்தாது. சாரல் காலத்தில் இரவு மின்விசிறி இல்லாமல் தூங்குவதும், ஜன்னலைக் கயிறு போட்டுக் கட்டுவதும் இந்த ஒரு கீலில் இருக்கிறது.

நீங்கள் கிழக்கு மேற்காக ஓடும் கோட்டில் மிரர் செய்தீர்கள். அதனால் பக்கச் சுவர் ஜன்னல்களில் மேற்கு ஓரம் மேற்கு ஓரமாகவே இருக்கும், காற்றுக் கணக்கு இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். வடக்குத் தெற்குக் கோட்டில் மிரர் செய்திருந்தால் ஒரு வீட்டில் எல்லாம் தலைகீழாகியிருக்கும். ஆனால் மழையைப் பாருங்கள். அக்கா வீட்டின் ஜன்னல்கள் தெற்கே பார்க்கின்றன, தங்கச்சி வீட்டு ஜன்னல்கள் வடக்கே. ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். நீங்கள் பிளானைத் திருப்பினீர்கள், மழை திரும்பவில்லை. தங்கச்சி வீட்டு வடக்கு ஜன்னலுக்குச் சன் ஷேடை ஒன்றரை அடியோடு விடாமல் இரண்டடியாவது போடச் சொல்லுங்கள்.

பாளை வரைபடம்

எல்லாருக்கும் மனதார நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், சைட் வேலை முடிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

டைனமோ இரண்டு நாள் படுத்தியது, அப்புறம் ஓடிவிட்டது. பழைய மூன்று வேலைகளையும் திறந்து ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் புறவாசல் கதவு தப்பாக இருந்தது, மேலப்பாளையத்தில் ஒரு வீடு. இன்னும் நிலை வைக்கவில்லை என்றார்கள். அன்று மத்தியானமே புதுத் தாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

சுவர் விஷயம் ஷார்ஜா அண்ணாச்சி சொன்னதேதான். வடக்குச் சுவர் ஒன்றை மட்டும் பிறகு இடமாக வரைந்து சேர்த்திருக்கிறேன். திருப்பினேன், ஜன்னலுக்குக் கன்ட்ரோலும் வைத்தேன், சன் ஷேடு வெளியே போய்விட்டது. இரண்டடி என்று தாளிலும் மாற்றிவிட்டேன். நல்லவேளை அந்தச் சுவருக்குச் சன் ஷேடு இன்னும் போடவில்லை. ஜன்னல் கீல்களில் நாலு மேற்கு ஓரத்தில் இருந்தது, எல்லாவற்றையும் கிழக்கே மாற்றினேன். இந்தக் காரணத்தை இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை ஐயா.

பாத்ரூம் கதவைப் பற்றி அக்கா, தங்கச்சி இருவரையும் உட்காரவைத்து ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர்களுடைய அம்மா பக்கத்தில் இருந்தார், எழுபது வயதுக்கு மேல். ஒன்றும் பேசாமல் கேட்டார். பிறகு எழுந்துபோய் இரண்டு வீட்டு பாத்ரூமிலும் உள்ளே நின்று, எவ்வளவு இடம் இருக்கிறது என்று கையை விரித்துப் பார்த்துவிட்டு வந்தார். நாலு பாத்ரூம் கதவும் வெளியே திறப்பதாக மாறிவிட்டது. தங்கச்சி வீட்டில் அது நல்லதாகவே முடிந்தது: தப்பாகச் செய்த பலகைகள் வெளியே திறக்கும்படி வைத்தபோது கை தானாகப் பொருந்திக்கொண்டது. தகடும் அடியிலேயே நிற்கிறது. நிலையில் காடியை மட்டும் மறுபக்கம் மாற்ற வேண்டியிருந்தது. அக்கா வீட்டில் இரண்டு பலகை புதிதாகச் செய்தோம், செலவு என்னுடையது.

தாளில் இப்போது இடது, வலது இல்லை. 'கீல் வடக்கு நிலைக்கால், உள்ளே திறக்கும்' என்று எழுதுகிறேன். இன்னொன்றும் சேர்த்தேன். ஒவ்வொரு கதவுச் சின்னத்தின் வெளிப்பக்கத்திலும் இரண்டு சின்னக் கால்தடம் வரைந்திருக்கிறேன், ஃபேமிலிக்கு உள்ளேயே. கதவு திரும்பினாலும் கால்தடம் வெளியே நிற்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஆசாரியிடம் காட்டியபோது தாளைத் தரையில் விரித்து, அந்தக் கால்தடம் பக்கமாகப் போய் நின்றுகொண்டு, வலது கையை நீட்டிப் பார்த்தார். "இது போதும்மா, இனி நான் கேக்க மாட்டேன்" என்றார்.

தலைவாசல் கதவை நேற்று மாட்டினார்கள். கீல் பள்ளம் மூன்றும் அடைத்த இடம் எனக்கே தேடினால்தான் தெரிகிறது. சாவித் துவாரம் இருந்த இடத்தில் ஆசாரி ஒரு தாமரை மொட்டு செதுக்கிப் பதித்திருக்கிறார். அது தனியாக நிற்கக் கூடாதென்று புதுத் துவாரத்துக்கு மேலேயும் ஒன்று வைத்துவிட்டார்.